எலிக் கணக்கில் அளந்த கட்டி

என் தம்பி தணிகாசலத்தின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவனேதான். எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வாரத்துக்கு இரண்டு முறை அதை அளந்து எழுதிவந்ததும் அவனேதான். கட்டிக்குப் பெயர் தெரிந்தபின் பதினாறு மாதம் உயிரோடு இருந்தான். ஐம்பத்திரண்டு வயதில் இறந்தான்.

முடிவை முதலில் சொல்லிவிடுவது பத்திரிகை மேசையில் இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்ததால் எனக்கு வந்த பழக்கம். பிழைத்தானா என்று தெரிந்துகொள்ள யாரும் கடைசிப் பத்தி வரை காத்திருக்க வேண்டாம். நான் எழுத நினைப்பது வேறொன்றை. சிகிச்சை போதும் என்று யார் சொல்வது, எப்போது சொல்வது? அவன் தொழிலில் அதற்கு ஒரு விதி இருந்தது. எங்கள் குடும்பத்தில் இல்லை.

நகருக்குள் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தின் விலங்குக்கூடத்தில் தணிகா இருபத்து மூன்று ஆண்டு வேலை பார்த்தான். எங்களுடையது வேப்பம்பட்டில் நெல் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளானபின் ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். நான் பத்திரிகைக்கு, அவன் எலிகளுக்கு. கேட்பவர்களிடம், "எலியூட்ல வேல" என்பான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படியே சொல்லியிருக்கிறான். எலி பிடிக்கிற வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியும் அமுலு அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஆய்வுக்கூட எலி என்றால் வெள்ளையாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அவன் பார்த்துக்கொண்டவை பெரும்பாலும் கறுப்பு. கட்டைவிரல் நீளச் சுண்டெலிகள். அவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். நம் உடலில் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை நிணநீர்க் கணுக்களில் தங்கியிருக்கும். காய்ச்சல் வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறதே, அந்த இடங்கள்தான். கிருமி வந்ததும் அந்த அணுக்கள் பெருக வேண்டும், வேலை முடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் பெருகினால் அது லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். 'பெருகு' என்று சொல்லும் மரபணு எல்லா உடலிலும் உண்டு. நேரம் வந்ததும் அது அடங்கிவிடும். இந்தச் சுண்டெலிகளில் அதை அடங்காதபடி மாற்றியிருந்தார்கள். ஆகவே மாற்றம் பெற்ற ஒவ்வொரு குட்டிக்கும் சில மாதங்களில் லிம்போமா வரும். அப்போது ஒரு பாதிக்கு ஆராய வேண்டிய மருந்து கொடுப்பார்கள். மறு பாதிக்கு வெறும் உப்புநீர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் முதல் மதிப்பெண்.

கூண்டைச் சுத்தம் செய்வது, தண்ணீர் வைப்பது, பஞ்சு மாற்றுவது அவன் வேலை. நாள் போகப்போக இன்னொரு வேலையும் அவனிடம் வந்தது. இடது கையால் பிடரியைப் பிடித்துத் தூக்கி, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் தாடைக்கடியிலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் தடவிப் பார்ப்பது. கட்டி இருந்தால் வெர்னியர் காலிபர் என்ற அளவுகோலால் நீளம், அகலம் எடுத்துக் கூண்டு அட்டையில் எழுதுவது. திங்களும் வியாழனும் அளக்கும் நாட்கள்.

அதே விரல்கள்தான் ஒரு திங்கட்கிழமை, கூடத்தைவிட்டு வெளியே வருமுன் குளித்துத் துவட்டிக்கொண்டபோது, அவனுடைய இடது தாடைக்கடியில் நின்றன.

*

மூன்றாவது மனிதர் என்றால் மருத்துவரிடம் போயிருப்பார், அல்லது சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவியிருப்பார். தணிகா அளந்தான். நீளம் பதினான்கு மில்லிமீட்டர், அகலம் பதினொன்று. ஒப்பிடுவதற்கு வலது பக்கமும் தடவி, "வ.க. இல்லை" என்று எழுதினான். வலது கழுத்து என்று பொருள். வியாழக்கிழமை மறுபடி அளந்தான். பதினான்கு, பதினொன்று.

அவனுடைய சுண்டெலிகளில் இன்றைக்குக் கடுகாக இருப்பது பத்து நாளில் பட்டாணியாகும், மூன்று வாரத்தில் திராட்சையாகும். வளராவிட்டால் அது அந்த நோயே அல்ல. இருபத்து மூன்று ஆண்டில் அவன் பார்த்த ஆயிரக்கணக்கான கழுத்துகள் சொன்ன பாடம் அது. தன் கழுத்தில் மூன்று வாரம் ஆகியும் கட்டி வளரவில்லை. ஆகவே நிம்மதியானான். ஆனால் அளப்பதை விடவில்லை.

சின்ன நோட்டுப் புத்தகம் அவனுடைய சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு அறையில் இருந்தது. அமுலு பையைத் துவைக்க எடுத்தபோது அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, உங்க தம்பி எனக்குத் தெரியாம பிளாட்டு பாத்துகினு கீறாரு."

"என்ன பிளாட்டு?"

"நோட்டு பூரா அளவுதான். பதினாலுக்குப் பதினொண்ணு, பதினாலுக்குப் பதினொண்ணுன்னு வாராவாரம் எழுதி வெச்சிகீறாரு. அத்தினிகாண்டு எடத்துல இன்னாத்த கட்டறது? நாய்க்கூடு கூட வராது. யாரோ புரோக்கரு நல்லா ஏமாத்தறான்."

கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். "பதினேழுக்குப் பதிமூணு. அப்பாலிக்கா இருபத்தொண்ணுக்குப் பதினாறு. இருபத்தாறுக்கு இருபது. முன்னாடி இன்னாவோ இ.க.ன்னு போட்டுகீறாரு."

ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து வேப்பம்பட்டுக்குப் போனேன். தணிகா தோளில் துண்டு போட்டிருந்தான். கேட்டதும் எடுத்துக் காட்டினான். எதையோ ஒளித்துப் பிடிபட்டவன் மாதிரி இல்லை. வேலையிடத்தில் ஆய்வாளரிடம் கூண்டைத் திருப்பிக் காட்டுகிறவன் மாதிரி இருந்தான்.

"ஏழு மாசம் அசையலக்கா. எங்க கணக்குல இது கட்டியே இல்ல. போன மாசத்துலேர்ந்துதான் எய்ந்துகிச்சு."

"எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா பயந்துருவீங்க. வளந்தா சொல்லலாம்னு இருந்தேன்."

அமுலு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நோட்டு அவள் கையில்தான் இருந்தது. "நான் ஒர்த்தி பக்கத்துலயே படுத்துகினு கீறேன், எனக்குத் தெரியல பாரு" என்றாள். அவள் திட்டியது தன்னை.

*

மருத்துவமனை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையை இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்ததால், வேப்பம்பட்டிலிருந்து போய்வருவது அவனால் முடியவில்லை. நான் தனியாக இருக்கும் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு இருவரும் வந்துவிட்டார்கள். செலவின் பெரும்பகுதியை அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்றது. மிச்சத்தைச் சமாளித்தோம். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பைகள். எல்லோருடைய மடியிலும் ஜவுளிக்கடைப் பை. கல்யாணத்துக்குத் துணி எடுத்தபோது கொடுத்த கெட்டியான பைகளில் ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களின் பை மெலிந்திருக்கும். பையின் பருமனைப் பார்த்தே யார் எத்தனை மாதமாக வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மூன்றாவது வாரத்தில் நானும் அப்படிச் சொல்லத் தொடங்கினேன்.

முதலில் பயாப்ஸி. கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. முடிவு வரப் பதினொரு நாள். பிறகு பெட் ஸ்கேன். கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். வேகமாக வளரும் அணுக்கள் சர்க்கரையை அதிகம் இழுப்பதால் அந்த இடங்கள் படத்தில் ஒளிரும். தணிகாவின் படத்தில் கழுத்தும் மார்புக்கூட்டின் நடுவும் மண்ணீரலும் ஒளிர்ந்தன. கடைசியாக இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அப்போது அவன் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது நாற்பது ஆண்டுக்குப் பிறகு அன்றுதான்.

மருத்துவர் நாற்பதுகளில் இருந்த பெண். நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஒரு பக்கமும் விடாமல் புரட்டினார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர். எலியூட்ல கீறேன்."

அவன் தன் கணக்கைச் சொன்னான், மூன்று வாரம், திராட்சை எல்லாவற்றையும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "சார், உங்க எலிக்கு ஆயுசே ரெண்டு வருஷம். அதுக்கு மூணு வாரம்கிறது நமக்கு வருஷக்கணக்கு. மனுஷனுக்கு வர்ற லிம்போமால மெதுவா வளர்ற வகை ஒண்ணு இருக்கு. சில பேருக்கு அது திடீர்னு வேகமான வகையா மாறிடும். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கு."

"எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால்?" என்று கேட்டது நான். தொழில் புத்தி.

மருத்துவர் நோட்டை மூடி அவனிடமே நீட்டினார். "வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மாறாம இருந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம்."

வெளியே வந்ததும் தணிகா சொன்னான்: "நல்லாப் படிச்சவங்கக்கா. தெரியாதத தெரியாதுன்றாங்க."

*

என் மேசைக்கு வாரத்தில் ஒரு முறையாவது இப்படி ஒரு செய்தி வரும்: புற்றுநோய்க்குப் புதிய மருந்து, எலிகளில் சோதனை வெற்றி. தலைப்பு இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது நான் முதலில் வெட்டும் சொல் 'எலிகளில்'. 'புற்றுநோய்க்குப் புதிய மருந்து வெற்றி' என்று மிஞ்சும். மறுநாள் தணிகா கூப்பிடுவான்.

"இன்னாக்கா, நேத்து திரும்பவும் கேன்சர ஒழிச்சிட்டியா? எங்க எலிங்க சந்தோஷமா கீது. அதுங்களுக்குத்தான் பேப்பரு படிக்கத் தெரியல."

சிரிப்பேன். அடுத்த வாரம் மறுபடி வெட்டுவேன். மருத்துவர் சிகிச்சையை விளக்கியபோது, எத்தனை பேர் அந்தத் தலைப்புகளைக் கத்தரித்து ஜவுளிக்கடைப் பையில் வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கூடத்தில் ஒரு பெண்மணி அப்படி ஒன்றை என்னிடம் காட்டவும் செய்தார். எங்கள் பத்திரிகை அல்ல. அது ஆறுதலாக இல்லை.

முதல் மருந்து ஏற்றிய நாளில் செவிலியர் ஒரு படிவத்திலிருந்து கேள்விகள் கேட்டார். எதற்காவது ஒவ்வாமை உண்டா? பென்சிலின்? வேர்க்கடலை? எலிப் புரதம்?

தணிகா தலையை நிமிர்த்தினான். "எலிக்கு இன்னா சிஸ்டர் இங்க வேல?"

அவர் விளக்கினார். சொட்டுச்சொட்டாக ஏறும் முதல் மருந்து ஒரு எதிர்ப்புப் புரதம். கெட்டுப்போன வெள்ளையணுக்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் ஒரு பகுதி முதன்முதலில் சுண்டெலியின் உடலிலிருந்து வந்தது. மீதி மனிதப் புரதம். சிலருக்கு எலிப் பகுதி ஒத்துக்கொள்ளாமல் குளிரும் காய்ச்சலும் வரும்.

தணிகா என்னைப் பார்த்தான், அமுலுவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கீது சிஸ்டர். பத்து வருசமா. கூண்டத் தொறந்தா மூக்கு ஒழுவும், கையெல்லாம் தடிப்பு. சொன்னா ஆபீசுல வேற செக்‌ஷன் மாத்திருவாங்கன்னு சொல்லல."

"அப்ப எனுக்கு வாய்ச்சது எல்லாத்தையும் மறைக்கிற ஆளு" என்றாள் அமுலு. "சைனசு, சைனசுன்னு சொல்லி எத்தினி மிளகு கஷாயம் குடிச்ச எங்கிட்ட?"

மருத்துவர் வந்தார். எலிச் சிறுநீரால் வரும் ஒவ்வாமை வேறு, இது வேறு, இருந்தாலும் கவனமாகக் கொடுப்போம் என்றார். ஒவ்வாமைக்கு ஊசி போட்டு, ஐந்து மணி நேரத்தில் முடிய வேண்டியதை ஒன்பது மணி நேரம் ஏற்றினார்கள். ஒரு முறை குளிர் கண்டு கட்டில் ஆடியது. அமுலு அவன் பாதங்களைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். குளிர் நின்றதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "என் உள்ளார வந்தும் வேல செய்யுது பாரு அந்தக் கழுத."

அடுத்துச் சிவப்பு மருந்து. சிறுநீரையே சிவப்பாக்கும். இந்த மருந்துகள் எல்லாமே மனிதரிடம் வருமுன் எலிகளைக் கடந்து வந்தவை. அதை எங்களில் தெரிந்துவைத்திருந்தது அவன் ஒருவன்தான்.

*

மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, ஆறு சுற்று. முடி போனது. வெள்ளையணுக்கள் குறைந்த நாட்களில் அவனைத் தனியறையில் வைத்தார்கள். உள்ளே போகக் கைகழுவி, அங்கி மாட்டி, முகக்கவசம் போட வேண்டும். காற்று வடிகட்டி வழியாக வரும். "நம்ம எலியூடு தோத்துச்சு" என்று பெருமையாகச் சொன்னான். என்னை அங்கியில் பார்த்து, "கயிறப் பின்னாடி கட்டுக்கா, நீ கட்டறது அடுப்படி ஏப்ரன்" என்று திருத்தினான்.

நான்காவது சுற்றுக்குப் பின் எடுத்த படத்தில் எதுவும் ஒளிரவில்லை. ஆறும் முடிந்து ஐந்து மாதம் நன்றாக இருந்தான். விலங்குகளுக்கு அருகில் போகக் கூடாது என்பதால் அலுவலகத்தில் பதிவேடு எழுதக் கொடுத்தார்கள். முடி சுருட்டையாக முளைத்தது. அமுலு அதைத் தடவிப் பார்த்து, "யாரோ வேற ஆளு வந்துகீறான் ஊட்டுக்கு" என்பாள். அந்த ஐந்து மாதத்தில் நான் இதை எழுதியிருந்தால் இது வேறு கட்டுரையாக இருந்திருக்கும்.

ஆறாவது மாதம் கக்கத்தில் வந்தது. இந்த முறை அளக்காமல் நேராக மருத்துவரிடமே வந்தான்.

இரண்டாம் வரிசை மருந்து என்று ஒன்று உண்டு. முதல் மருந்து தோற்றால் கொடுப்பது, அதைவிடக் கடுமையானது. இரண்டு சுற்றில் அதுவும் நின்றது. அப்போதுதான் மருத்துவர் ஆராய்ச்சி மருந்து ஒன்றைப் பற்றிப் பேசினார். மாத்திரை. மனிதரில் இப்போதுதான் சோதிக்கிறார்கள். பதினெட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தை நான் வாசிக்க, அவன் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டான்.

"எலிக்குக் குடுத்தப்போ கரஞ்சுதா?"

"கரைஞ்சுது."

"திரும்பி வந்துச்சா?"

"நிறைய எலிக்கு வந்துச்சு."

"உப்புத்தண்ணி குரூப்பு உண்டா?"

"இல்ல சார். சேர்ற எல்லாருக்கும் மருந்துதான்."

படிவத்தில் ஒரு வரி இருந்தது: நோயாளி எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அதை மறுபடி படிக்கச் சொன்னான். "இத்த எங்க ஆளுங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மாத்திரை வேலை செய்தது. ஆறு வாரத்தில் கக்கத்துக் கட்டி தடவினால் தெரியாத அளவுக்குச் சுருங்கியது. பத்தாவது வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை கழுத்தின் இரண்டு பக்கமும். வாய் முழுக்கப் புண். இளநீர்கூட எரிந்தது. மறுபடி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

*

அந்த நாட்களில் அவனுடைய ஆய்வுக்கூடத்து மேடம் பார்க்க வந்தார். அந்தச் சுண்டெலிகளின் ஆராய்ச்சியை நடத்துபவர். அவனிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டும் என்று நினைத்தோ என்னவோ ஒன்றைச் சொன்னார்.

எலிகளுக்கு முடிவெல்லை என்று ஒரு விதி இருக்கிறது. கட்டி ஓர் அளவைத் தாண்டினால், அல்லது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், சோதனை முடியாவிட்டாலும் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். "ஆனா எண் அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே தணிகாவுக்குத் தெரிஞ்சுடும் மேடம். ஒரு வெள்ளிக்கிழமை கூண்டோட என் ரூம் வாசல்ல நிக்கிறார். இதுக்குப் போதும் மேடம்னார். எனக்குத் திங்கட்கிழமை அளவு வேணும், மூணே நாள்தானே, எண் இன்னும் தாண்டலைன்னேன். 'உங்களுக்குத் திங்கக்கெழம வேணும். அதுக்கு வெள்ளிக்கெழமயே போதும்' அப்படின்னார். நகரவே இல்ல. அப்புறம் நாங்க யாரும் அவர எதிர்த்துப் பேசினதில்ல."

அவர் போன மறுநாள் மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு மருந்து இருக்கிறது. வாய்ப்பு மிகக் குறைவு. வேண்டாம் என்றால் வலிக்கும் மூச்சுக்கும் மருந்து கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தணிகா, "போதும் டாக்டர்" என்றான்.

"இன்னா போதும்?" என்று அமுலு எழுந்தேவிட்டாள். "நீ இன்னா எலியா? கட்டிய அளந்து முடிச்சுக்க? டாக்டரு, நீங்க மருந்து போடுங்க. அது கெடக்குது."

"எலின்னா வேற ஆளு சொல்லணும். மனுசன். அத்தொட்டு நானே சொல்றேன்."

"ஒன்னும் சொல்ல வேணாம். எட்டு மாசம் நீயே ஒரு கணக்குப் போட்டே. பாத்தல்ல? இனிமே உன் கணக்கு எனக்கு வேணாம்."

அவள் சொன்னது உண்மை. அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

மருத்துவர் வெளியே போனபின், அமுலு குழாயடிக்குப் போன நேரத்தில், என்னைக் கூப்பிட்டான். "நீ சொல்லுக்கா அவகிட்ட. நீ சொன்னா கேப்பா."

சரி என்றேன். சொல்லவில்லை. நாளை சொல்லலாம், ரத்த முடிவு வரட்டும், அவள் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று ஒன்பது நாள் போனது. நான் சொன்னாலும் அமுலு கேட்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், நானும் அவனை விடத் தயாராக இல்லை. பிழை திருத்துவதே தொழிலாக இருந்தவளுக்கு, வளர விட்ட எட்டு மாதத்தை ஏதாவது ஒரு மருந்து திருத்திவிடும் என்று தோன்றிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் அவனுக்கு நான்கு முறை ரத்தம் ஏற்றினார்கள். புதிய மருந்தை ஒரு தடவை கொடுத்தார்கள். அவன் மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தான். நான் சொட்டுக் குழாயைப் பார்த்தேன்.

எட்டாம் நாள் மாலை அமுலு அவன் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்பாராமல் அவளே கேட்டாள்.

"உன் எலிங்களுக்குப் போதும்னு எப்படித்தான் கண்டுபுடிப்பே? அது வாயத் தொறந்து சொல்லுதா?"

அவன் பேச நேரமானது. புண்ணால் சொற்கள் குழைந்தன. "பஞ்சு போடுவோம்ல, புதுசா. போட்டவொடன அத்த இஸ்துகினு போயி கூடு கட்டும். நோவு இருந்தாலும் கட்டும். கட்டி பெர்சா இருந்தாலும் கட்டும். பஞ்சப் போட்டும் போட்ட எடத்துலயே குந்திகினு கீதுன்னா... அவ்ளோதான். அப்பால கூண்ட எடுத்துகினு மேடத்தாண்ட போயிருவேன்."

அமுலு துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

படுக்கை விஷயத்தில் தணிகா அவளுக்குப் பெரிய தொல்லை. மருத்துவமனையின் பச்சை விரிப்பு பிடிக்காது என்று வீட்டிலிருந்து கட்டம்போட்ட பருத்தி விரிப்புகளைக் கொண்டுவர வைத்திருந்தான். விரித்து முடித்ததும் சுருக்கத்தை இழுத்துவிடுவான், ஓரத்தைக் கால்மாட்டில் சொருகுவான், தலையணையைத் தட்டி மடக்கிக் கழுத்துக்குக் கீழே வைப்பான். எவ்வளவு காய்ச்சலிலும் இது நடக்கும். "ராஜா ஊட்டுப் புள்ள" என்று அவள் முணுமுணுப்பாள்.

ஒன்பதாம் நாள் காலை துவைத்த விரிப்பைப் போட்டோம். நானும் அவளுமாக அவனை ஒரு பக்கம் புரட்டி விரித்து, மறு பக்கம் புரட்டி இழுத்தோம். அவன் முழங்கைக்கு அடியில் பெரிய சுருக்கம் விழுந்திருந்தது. நான் அதைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். அமுலு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். காத்திருந்தாள். அவன் விழித்துத்தான் இருந்தான். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, போட்ட இடத்தில், போட்டபடியே கிடந்தான். தலையணையை அவளே அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். அவள் சுருக்கத்தை இழுத்துவிட்டாள், ஓரத்தைச் சொருகினாள், தலையணையை மடக்கிக் கழுத்துக்குக் கீழே வைத்தாள். நடைவழிக்கு வந்தாள்.

"அண்ணி, கார் சொல்லுங்க" என்றாள்.

மருத்துவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வலி மருந்துகளை எப்படிக் கொடுப்பது என்று இரண்டு முறை சொன்னார். பகல் பன்னிரண்டு மணிக்கு வேப்பம்பட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். முன்னிருக்கையில் நான். பின்னால் அமுலுவின் மடியில் அவன் தலை. ஆவடியைத் தாண்டினோம்.

திருநின்றவூருக்கு அருகே சாலையோரத் தள்ளுவண்டியில் கொய்யாக்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். அமுலு காரை நிறுத்தச் சொன்னாள். கிருமி தொற்றும் என்று ஒன்றேகால் வருடமாக வெளியில் வாங்கிய எதையும் அவள் அவன் வாயருகே விட்டதில்லை. பழமென்றால் தோலுரித்து, வெந்நீரில் கழுவி, வேகவைத்துத்தான். இப்போது இறங்கிப் போய் ஒரு காயை நான்காகக் கீறச் சொல்லி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவச் சொல்லி, நாளிதழ்த் துண்டில் வாங்கிவந்தாள். கழுவவில்லை.

அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு துண்டை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் காயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மெய்யாலுமா?" என்றான்.

"தின்னுய்யா" என்றாள் அவள்.

கடிக்க முடியவில்லை. நாக்கை நீட்டி உப்பை மட்டும் நக்கினான். மிளகாய் புண்ணில் பட்டுக் கண்ணில் நீர் வந்தது. தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னொரு முறை நக்கினான். அவள் துண்டைத் திருப்பி, உப்பு அதிகம் இருந்த பக்கத்தை அவன் பக்கமாகப் பிடித்தாள்.